மாதாவே, அவகிட்டச் சொல்லு

அலைமேல் மாதா தன் பீடத்தை விட்டு இறங்கி, கோயில் வாசலைக் கடந்து, வலை காயப் போட்டிருந்த மணலை மிதித்து, ஐஸ் கம்பெனிச் சந்து வழியாக நடந்து வந்து, டாக்டர் ஜெசிந்தா மோத்தாவின் வீட்டுக் கூடத்தில் பிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றுகொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், முதல் பூசை முடிந்து இரண்டாம் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்னால். வழியில் பார்த்தவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு ஒதுங்கினார்கள். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த வேன்காரர் சந்தில் இடம் போதாதென்று வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்துக்கொடுத்தார். புன்னைமுனையில் அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி வியந்துகொள்ளவில்லை, ஏனென்றால் கடல்மேல் நடந்து வந்தவளுக்குத் தெருவில் நடப்பது பெரிய காரியமில்லை. அவர்களுடைய ஆற்றாமையெல்லாம், அவள் போயும் போயும் அந்த வீட்டுக்கா போகவேண்டும் என்பதுதான்.

ஜெசிந்தா அப்போது கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கல்லூரிப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுக்கு வந்தது பயமுமில்லை, பக்தியுமில்லை, அலுப்பு. பட்டது போதாதென்று இதுவுமா என்று நினைத்தாள். அடுக்களையிலிருந்து வந்த அவள் அம்மா சலேத்தம்மாள், மாதாவின் சேலைக் கரையில் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து தன் கல்யாணச் சேலையை எடுத்து வந்து, நிதானமாக மடிப்பு வைத்து மாதாவுக்கு மாற்றிக் கட்டிவிட்டாள். பிறகு முழங்கால் போட்டாள். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மகளிடம் பேசுவதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

நிறுத்தியதற்குக் காரணம் ஒரு கட்டுரை. ஜெசிந்தா வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கி, அதையே கல்லூரியில் கற்பிப்பவள். ஆங்கிலத்தில் வரும் ஓர் ஆய்விதழில் தன் ஊர் மாதாவைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினாள். அதில் ஓர் இடத்தில், இந்தச் சுரூபம் தேக்கில் செய்தது என்றும், முதுகில் இரும்பு முளை அடித்த தடம் இருக்கிறது என்றும், ஆகவே இது முதலில் ஒரு டச்சுக் கப்பலின் முகப்பில் பொருத்தியிருந்த பெண்ணுருவமாக இருக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தாள். கட்டுரையை ஊரில் யாரும் படிக்கவில்லை. ஆனால் ஒரு தமிழ் நாளிதழ் அந்த ஓர் இடத்தை மட்டும் கிள்ளியெடுத்து, "அலைமேல் மாதா கப்பல் பொம்மையே: பெண் ஆய்வாளர் தகவல்" என்று போட்டது. அதை எல்லோரும் படித்தார்கள். புயலில் திசை தெரியாமல் தவித்த வள்ளங்களுக்கு முன்னால் அலைமேல் நடந்து வந்து கரை காட்டியவள் என்று தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த ஊர். அவள் பெயரைத்தான் படகுக்கும் பிள்ளைக்கும் வைக்கும் ஊர். அதுவும் டச்சுக்காரன், இந்தக் கரையிலிருந்து சாமியார்களைத் துரத்திவிட்டுக் கோயில்களைப் பூட்டியவன். அவன் கப்பலில் இருந்த பொம்மையா எங்கள் தாய் என்று ஊர் கேட்டது.

ஊர்க்கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ் கோமஸ், இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், கூட்டம் போட்டு மோத்தா வீட்டை விலக்கி வைத்தார். பேச்சு வார்த்தை கிடையாது, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, ஜெசிந்தாவின் தம்பி சந்தியாகுவின் கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்கக் கூடாது, ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்காமல் கல்யாணம் இல்லை. பங்குச்சாமியார் அமலதாஸ் வேறு மாவட்டத்துக்காரர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவர் "இது சட்டப்படி தப்பு" என்று சொல்லிப் பார்த்தார், "அப்ப சட்டத்தக் கூப்பிட்டுப் பூச வச்சுக்குங்க சாமி" என்று பதில் வந்தது, அதோடு விட்டுவிட்டார்.

இப்படி ஊர் முழுக்க முகம் திருப்பிக்கொண்ட வீட்டில்தான் மாதா வந்து நின்றாள்.

முதலில் அவளைத் திரும்பக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மேளமும் கொடியும் குடையுமாக வந்து, தோள் கொடுத்துத் தூக்கி, தெருவெல்லாம் உப்பும் மிளகும் இறைத்து, செபமாலை சொல்லிக்கொண்டே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தில் ஏற்றி, கண்ணாடிக் கதவைச் சாத்தி, திரும்பிப் பார்த்தால் பீடம் காலியாக இருந்தது. ஓடிவந்து பார்த்தால் மாதா பிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றாள். மறுபடி தூக்கினார்கள். மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை மேளக்காரர்கள், கொண்டுபோகத்தான் கூலி பேசினோம், இப்படிப் போகவர என்றால் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. மாதாவைப் பார்க்காமல் கடலுக்குப் போக முடியாது, மாதாவைப் பார்க்க வேண்டுமென்றால் விலக்கி வைத்த வீட்டுக்குள் போகவேண்டும், விலக்கை எடுக்கலாமென்றால் கமிட்டியின் மரியாதை என்னாவது. கடைசியில் தஸ்நேவிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்: மோத்தா வீட்டின் கூடம் மாதா இருக்கும்வரை கோயிலைச் சேர்ந்தது, அடுக்களையும் உள்ளறையும் மோத்தா குடும்பத்தைச் சேர்ந்தவை, கூடத்துக்கு யாரும் வரலாம், அழலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம், ஆனால் ஜெசிந்தாவிடம் மட்டும் பேசக் கூடாது. நடுவில் இருக்கும் நிலைப்படி யாரைச் சேர்ந்தது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, ஜெசிந்தாவின் வீடு விடிந்ததிலிருந்து நிறைந்திருந்தது, ஒருவரும் அவளுடன் பேசவில்லை. பல் துலக்க அவள் கொல்லைக்குப் போகும் வழியில் முழங்காலிட்டவர்கள் இருந்தார்கள். பிரிட்ஜைத் திறந்தால் மாதாவின் முக்காட்டில் கதவு இடித்தது. திருத்திய விடைத்தாள்களில் மெழுகு சொட்டியது. பேசக் கூடாதே தவிர, சொல்லவேண்டியவை ஊருக்கு நிறைய இருந்தன. அதற்கும் ஒரு வழி பிறந்தது. அதைத் தொடங்கி வைத்தவள் மீன் விற்கும் கித்தேரியம்மாள், சும்மா இருக்கத் தெரியாதவள்.

"மாதாவே," என்றாள் கித்தேரி, மாதாவைப் பார்த்துக் கை கூப்பியபடி, "இந்த டாக்டரம்மாவ அந்தக் காலக் கொஞ்சம் மடக்கச் சொல்லு. முட்டு போட எடமில்ல."

ஜெசிந்தா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "மாதாவே, இது என் வீடுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. எனக்கு வேலை இருக்கு."

"மாதாவே, வேல பாக்க அவளுக்கு உள்ளார ரூம் இருக்குல்லா. அத ஞாபகப்படுத்து."

"மாதாவே, உள்ளார ஃபேன் ஓடல."

அன்றிலிருந்து புன்னைமுனை ஜெசிந்தாவிடம் பேசவேண்டியதையெல்லாம் மாதாவிடம் பேசியது. மாதாவே, இவளப் படிக்க வைக்க அவ அப்பன் பட்ட பாட்ட நீ பாத்தியே, அதுக்குத்தான் இப்படிச் செஞ்சாளா. மாதாவே, முன்னூறு குடும்பத்து மானத்த இங்கிலீசுல வித்துட்டாளே. ஜெசிந்தாவும் மாதாவிடமே பதில் சொன்னாள், முதலில் பொறுமையாக, பிறகு பொறுமையில்லாமல், கடைசியில் மாதாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாளைத் திருத்திக்கொண்டே. மாதா இரு பக்கமும் கேட்டுக்கொண்டு, வர்ணம் பூசிய கண்களால் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சலேத்தம்மாளும் அப்படித்தான். "தாயே, சோறு ஆறுது," என்பாள். "தாயே, நாளைக்கு அவளுக்குக் காலேஜ் உண்டுமா, இல்லையா. சட்டிய ஏத்தணுமா, வேண்டாமா." ஊர் சொல்வதற்கெல்லாம் பதில் வைத்திருந்த ஜெசிந்தா, அம்மா சொல்லும்போது மட்டும் எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

கல்லூரிப் பக்கமும் நிம்மதியில்லை. அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் வைகுண்டநாதன் போனில் அழைத்தார்.

"ஆய்வுப் பொருள் ஆய்வாளர் வீட்டிலேயே இருக்கிறது முறையில்லை ஜெசிந்தா. ஆய்விதழ்லேர்ந்து கேக்கறாங்க."

"நான் கொண்டுவரலை சார். அவங்களா வந்தாங்க."

"பக்தர்கள் கொண்டுவந்து வைத்தார்கள்னு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துடேன்."

"யாரும் வைக்கலையே சார். நடந்து வந்ததை ஐஸ் வேன்காரர்லேர்ந்து பத்துப் பேர் பார்த்திருக்காங்க. மாதா வழியா தனித்தனியா விசாரிச்சேன், எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

"அதையெல்லாம் எழுதினா உன் பேரு கெட்டுப்போகும்."

"மரம்னு எழுதினதுக்கு ஊர்ல கெட்டுப்போச்சு. நடந்ததுன்னு சொன்னா உங்ககிட்ட கெட்டுப்போகும். நான் என்னதான் சார் எழுதறது?"

போனை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் கொல்லையில் போய் நின்றாள். அங்கேயும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் தம்பி சந்தியாகு வேலையிலிருந்து நேராகக் கூடத்துக்கு வந்தான். அவன் அக்காவை விட வயதில் நிறையச் சின்னவன், நல்ல உழைப்பாளி, பேச வராதவன். கூட்டத்தோடு கூட்டமாக முழங்கால் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மாதாவிடம் சொன்னான்: "மாதாவே, எங்க அக்காகிட்டச் சொல்லு. பொண்ணு வீட்டுல இனிக் காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க. எழுதினது தப்புன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், ஓலை வாசிக்கோம்னு தலைவர் சொல்லுதார். அந்தப் பிள்ளையத் தவிர எனக்கு வேற யாரும் வேண்டாம்." சொல்லிவிட்டு நெற்றியைத் தரையில் வைத்தவன் எழுந்திருக்கவில்லை.

ஜெசிந்தா அவன் பிடரியைப் பார்த்தாள். ஆதாரம், நேர்மை, அறிவு என்று அவள் வகுப்பில் சொல்லும் எல்லாவற்றையும் யோசித்தாள். அவற்றுக்காகத் தன் வாழ்க்கையைத் தரலாம், இவன் வாழ்க்கையை எப்படித் தருவது என்று தெரியவில்லை. "மாதாவே," என்றாள், "போடுதேன்னு சொல்லிருங்க."

மறுநாள் தஸ்நேவிஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கமிட்டிக்காரர்களும் சாமியாரும் பின்னால் வர, தட்டச்சு செய்த தாளோடு வந்தார். கூடம், வாசல், சந்து எல்லாம் ஆட்கள். நான் எழுதியது எல்லாம் பொய், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இருந்த தாளை அவர் மாதாவின் காலடியில் வைத்தார். ஜெசிந்தா பேனாவைத் திறந்தாள்.

"மாதாவே, ஒரு நிமிசம்," என்றாள் கித்தேரி. "எல்லாத்தையும் வாபஸ்ன்னா, எதயெல்லாம்? பேப்பர்ல வந்தது ஒரு விரக்கட அகலம். இவ எழுதுனது ஒரு புஸ்தகம் தண்டி இருக்குங்காங்க. மிச்சத்துல என்னத்த எழுதி வச்சிருக்கான்னு தெரியாம எப்படி வாபஸ் வாங்குதது? நாளைக்கு அதுல நம்மளப் பத்தி நாலு நல்லது இருந்து, அதுவும் சேந்து போச்சுன்னா?"

"நல்லது எங்க இருக்கப்போவுது," என்றார் தஸ்நேவிஸ்.

"மாதாவே, தலைவரு படிச்சிட்டாரான்னு கேளு."

தலைவர் படிக்கவில்லை. சாமியாரும் படிக்கவில்லை, படித்ததாக ஒரு தடவை பிரசங்கத்தில் சொல்லியிருந்ததால் அவர் கூரையைப் பார்த்தார். சரி, சொல்லட்டும், கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கலாம் என்று முடிவானது.

அப்படித்தான் ஜெசிந்தா தன் கட்டுரையை மாதாவிடம் சொல்லத் தொடங்கினாள், கல்லூரி விட்டு வந்ததும் மாலை மாலையாக, ஆங்கிலத்தில் எழுதியதை ஊர்ப் பேச்சில், மாதாவுக்கு எதிரே ஒரு மணையில் உட்கார்ந்து. டச்சுக்காரன் கோயிலைப் பூட்டியதையும், சாமியார்கள் கோவாவுக்கும் உள்நாட்டுக்கும் ஓடியதையும், பூசையில்லாமல் பிள்ளை பிறந்து பூசையில்லாமல் ஆள் செத்ததையும், அந்தக் காலத்தில் கடலுக்குள் இருக்கும் பாறைப் பாரில் மோதிய ஒரு கப்பலிலிருந்து ஒரு பெண்ணுருவம் கரை ஒதுங்கியதையும், அதை ஊர்ப் பெண்கள் இழுத்து வந்து மீன் எண்ணெய் தேய்த்து, முகத்தைச் செதுக்கிச் சரியாக்கி, சேலை கட்டிவிட்டு மாதா என்று கும்பிட்டதையும், டச்சுக்காரன் தேடி வந்தபோதெல்லாம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றி மாற்றி ஒளித்ததையும், அவன் தேடித் தேடி ஓய்ந்துபோய் மேலிடத்துக்கு எரிச்சலோடு புகார் எழுதியதையும், வெகுகாலம் கழித்து யாரோ பூவரசில் ஒரு குழந்தை செய்து அவள் கையில் பொருத்தியதையும் அவள் சொல்லச் சொல்ல, பெண்கள் குறுக்கே பேசினார்கள், ஆண்கள் வாசலில் நின்று கேளாதது போல் கேட்டார்கள், சலேத்தம்மாள் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, கையில் அகப்பையோடு நின்றாள்.

"மாதாவே," என்றாள் கித்தேரி ஒரு மாலை, "அப்ப நீ கோயில்லயே இருக்கல. வீட்டுலதான் இருந்திருக்க."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "மாதாவே, ரொம்ப நாள் வீடுகள்லதான் இருந்திருக்கீங்க. அதுக்கு ஆதாரம் இருக்கு."

"யார் யார் வீட்டுல?"

"அது தெரியாது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தெரியாது என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஊர் அன்றே புறப்பட்டது. எங்கள் வீட்டில்தான் இருந்தாள், மச்சில் இன்றைக்கும் வாசம் வரும் என்றார் ஒருவர். அந்த மச்சே நேற்றுக் கட்டியது, எங்கள் உப்புப் பானைக்குள்தான் நின்றாள் என்றாள் இன்னொருத்தி. ஆய்வே சொல்லியாச்சு, ஆய்வே சொல்லியாச்சு என்று தெருவெல்லாம் கேட்டது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை என்று ஜெசிந்தா மாதாவிடம் சொன்னாள், மறுபடியும் சொன்னாள், குரல் கம்மச் சொன்னாள், யாரும் கேட்கவில்லை. கப்பல் பொம்மை என்று அவளைத் திட்டிய அதே வாய்கள், கப்பலிலிருந்து எங்கள் ஆட்கள்தான் இழுத்தார்கள் என்று சண்டை போட்டன. கப்பல் உடைந்தபோது அவள் அலைமேல் நடந்துதானே கரைக்கு வந்திருப்பாள், அப்போது கதையில் என்ன தப்பு என்றார்கள். அவள் எழுதியதில் அவர்கள் விரும்பாதது எதுவும் மிஞ்சவில்லை, அவள் எழுதியதும் அதில் அதிகம் மிஞ்சவில்லை.

பாக்கி இருந்தது முடிவுரை மட்டும். கட்டுரையிலேயே அவள் மிகவும் பாடுபட்டு எழுதிய பகுதி அது. இந்தக் கரைக்குத் தன் தாயைக் கொடுத்தது கப்பலுமில்லை, சாமியாருமில்லை. கையில் கிடைத்த மரத்தைத் தாயாக்கிக்கொள்ளும் துணிச்சல் இந்தப் பெண்களுக்கு இருந்தது என்று எழுதியிருந்தாள். அதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொற்களைத் தேடி வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் கூடத்தில் யாருமில்லை. பிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில் மாதாவும் இல்லை. மாதா கித்தேரியின் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறாளாம். அடுத்த வாரம் ஐஸ் கம்பெனிக்குப் பின்வீடாக இருக்கலாமாம். அதற்கடுத்து எங்கே என்று மாதாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இனி எந்த வீட்டை விலக்கி வைப்பது என்று கமிட்டிக்குத் தெரியவில்லை, யார் வீட்டுக்கு மாதா எப்போது வருவாள் என்று யாருக்கும் உறுதியில்லாததால் எல்லோரும் எல்லோரிடமும் நன்றாக இருக்கவேண்டியிருந்தது. சாமியார் அமலதாஸ் யாரிடமும் கேட்காமல், கித்தேரி வீட்டு முற்றத்தில் பூசை வைத்து, சந்தியாகுவின் ஓலையை வாசித்துவிட்டார். தஸ்நேவிஸ் அன்றைக்குச் சாயங்காலமே ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்து, மாதா இல்லாத கூடத்தில் சற்று நேரம் யாரைப் பார்த்துப் பேசுவது என்று தடுமாறி, பிறகு நேராக அவளையே பார்த்தார்.

"டாக்டரம்மா, அந்தக் கட்டுரையில ஒரு வரி சேக்க முடியுமா. கோமஸ் குடும்பத்து வீட்டுல மாதா ரொம்ப காலம் இருந்தாகன்னு."

"ஆதாரம் இருக்கா?"

"நாஞ் சொல்லுதேனே."

"முடியாது," என்றாள் ஜெசிந்தா.

"நல்லாப் படிச்சீங்க போங்க," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். தாளைப் பற்றியோ கையெழுத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. அதற்குப் பிறகும் யாரும் பேசவில்லை.

ஊரெல்லாம் பேசத் தொடங்கிய பிறகும் சலேத்தம்மாள் பேசவில்லை. நடுவில் மாதா இல்லாததால், இருந்த பேச்சும் போயிற்று. தட்டை வைத்தாள், எடுத்தாள். காலையில் மாதா இருக்கும் வீட்டுக்குப் போய்ச் செபம் சொல்லிவிட்டு வந்து, துணி துவைத்து, உலை வைத்தாள். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அதை ஜெசிந்தா ஆள் வைத்துப் பழுது பார்த்திருந்தாள். கூட்டமும் மெழுகும் புகையுமாக இருந்த நாட்களே பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கல்யாணத்துக்கு முந்திய வாரம், ஒரு விடுமுறை நாளில், சலேத்தம்மாள் கொல்லையில் உட்கார்ந்து சாளை கழுவிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா துணி எடுக்க வந்தாள்.

"குழந்த வேற மரம்னு எழுதியிருக்கியே," என்றாள் சலேத்தம்மாள், மீனைப் பார்த்துக்கொண்டு.

ஜெசிந்தாவின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. யாரிடம் சொல்கிறாள் என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். வேறு யாருமில்லை.

"ஆமாம்மா. மாதா தேக்கு. குழந்தை பூவரசு."

"அதனால அது அவ பிள்ள இல்லையா?"

"அப்படி எழுதல. பின்னால யாரோ செஞ்சு சேத்ததுன்னு எழுதியிருக்கேன்."

"பின்னாலதான் வரும். பிள்ளன்னா பின்னாலதான் வரும்." சலேத்தம்மாள் மீனைச் சட்டியில் போட்டாள். "எனக்கு வருசக்கணக்கா இல்லாம, ஊர்ல எல்லாரும் வாயில வந்ததப் பேசி, அவ காலப் புடிச்சுக்கிட்டுக் கெடந்து உன்னயப் பெத்தேன். உனக்கு அவ கப்பல் மரக்கட்ட. போட்டும். ஆனா எந்தப் பிள்ள தாயோட மரத்துல இருக்கு? உன்னயே பாரு. மூக்கு மோத்தா மூக்கு. பிடிவாதம் உங்க அத்த பிடிவாதம். எம் மரம் எங்க இருக்கு உங்கிட்ட?"

"அம்மா, அது ஆதாரம் ஆகாது."

"ஏன் ஆகாது?"

"ஏன்னா, மரத்தோட வயசப் பாக்கணும், செதுக்குன உளியோட தடத்தப் பாக்கணும்..."

"என் வயித்துல தடம் இருக்கு, பாக்கியா?"

ஜெசிந்தா துணியைக் கல்லின்மேல் போட்டுவிட்டு, ஒரு பழைய பலகையை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். பூவரசைப் பற்றி அவள் சொன்னதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. குரல் உயர்ந்தது, பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நின்றது, சந்தில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது, சண்டை பாதிதான் முடிந்திருந்தது.